பிளாஸ்டிக் புல்லில் ஒரு பொங்கல் அடுப்பு

எங்கள் வீடு நியூசிலாந்தில், ஒக்லாந்தின் மங்கரேயில், விமானங்கள் தாழ இறங்குகிற பாதைக்கு நேர் கீழே இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு விமானத்துக்கும் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பார்கள். நாங்கள் நிறுத்துவதில்லை, குரலைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வோம். என் தம்பி பிறவியிலேயே மெல்லப் பேசுகிறவன். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவனும் சத்தம் போட்டுக் கதைக்கப் பழகிவிட்டான்.

முன்வீட்டில் நானும் இவரும் இருக்கிறோம். இவர் விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் வேலை. நான் பாட்டனி டவுன்ஸில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். பின்வளவின் ஓரத்தில் இரண்டு அறையோடு ஒரு சின்ன வீடு உண்டு. அதில் தம்பியும் அவன் மனைவியும் மகளும் இருந்தார்கள். தம்பிக்குப் பென்ரோஸ் பக்கம் வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அம்மா போனபோது தம்பி என் இடுப்பளவு உயரம். அன்றிலிருந்து அவனுக்குத் தலை வாரி இழுத்து, சோறு போட்டு, காய்ச்சலுக்கு நெற்றியில் துணி வைத்து, பிறகு இந்த நாட்டுக்கும் கூட்டி வந்தவள் நான். அவன் எனக்குத் தம்பியா பிள்ளையா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். பதில் தெரியாததால் வருகிற கோபம் அது.

இந்த ஊரில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். சிட்டிசன்ஷிப் கைக்கு வந்ததும் அவுஸ்திரேலியாவுக்குப் பெட்டி கட்டிவிடுவார்கள். போன வருடம் கோயிலில் பக்கத்தில் நின்று கும்பிட்டவர் இந்த வருடம் பிரிஸ்பேனில் கட்டைக் காற்சட்டையோடு நின்று படம் போடுவார். சம்பளம் கூட, வெயில் கூட, வீடு பெரிசு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒவ்வொரு பிரியாவிடைச் சாப்பாட்டுக்கும் போய் வந்து நான் தம்பியின் முகத்தைப் பார்ப்பேன். அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். ஒன்றும் சொல்லாத ஆட்கள்தான் திடீரென்று போவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அதனால்தான் ஒரு நாள் அவன் வந்து, "அக்கா, பின்வளவில ஒரு பட்மிண்டன் கோர்ட் போடுவமோ? பிளாஸ்டிக் புல் விரிச்சு, வடிவா" என்று கேட்டபோது நான் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. என் பாகற்காய்ப் பந்தலும் உடுப்புக் காயவிடுகிற கொடியும் இருந்த இடம் அது. போனால் போகட்டும் என்று விட்டேன். சொந்தக் கையால் கல்லும் மண்ணும் கொட்டி நிலத்தைச் சமப்படுத்துகிறவன் அந்த நிலத்தை விட்டுப் போக மாட்டான் என்று என் மனதுக்குள் ஒரு கணக்கு. இவருக்கு அந்தக் கணக்கு தெரியும். தெரிந்தும் சிரித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

அங்கேதான் மச்சாள் குறுக்கே வந்தாள். தம்பியின் மனைவி திருச்சிப் பக்கத்துப் பிள்ளை, நர்ஸ். இங்கேதான் இரண்டு பேரும் சந்தித்து, மனம் பிடித்துக் கட்டிக்கொண்டார்கள். எங்கள் முறைக்கு அவள் எனக்கு மச்சாள், அவள் முறைக்கு நான் அவளுக்கு அண்ணி. அவளுக்கு நெடுநாளாக ஒரு ஆசை. வளவில் கல் அடுக்கி ஒரு நெருப்புக் குழி கட்டி, சுற்றிவர நாற்காலி போட்டுக் குளிர் காய வேண்டும். இங்குள்ளவர்கள் ஃபயர் பிட் என்பார்கள்.

"வார்டுல இருந்து வந்தா உடம்பு முழுக்க ஏசி குளிரு அண்ணி. கொஞ்ச நேரம் நெருப்புப் பக்கத்துல உக்காந்தா போதும், அப்புறம் மனுஷியா ஆயிடுவேன்" என்றாள்.

பென்ரோஸிலிருந்து அளவெடுக்க வந்த புல்லுக்காரர் இந்தக் கதையைக் கேட்டதும் தலையை ஆட்டினார். இந்தப் புல் நெருப்பைக் கண்டால் உருகிவிடும், ஒரு பொறி விழுந்தாலே ஓட்டை, இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தம்பிக்கு இரண்டில் ஒன்று என்று சொன்னால் பிடிக்காது. சின்னதிலிருந்தே அப்படித்தான். தோசைக்குச் சம்பலும் வேண்டும், சாம்பாரும் வேண்டும். ஒரு அடிமட்டத்தையும் பேப்பரையும் வைத்துக்கொண்டு ஒரு கிழமை யோசித்தான். கடைசியில் வளவின் அந்தக் கோடியில் குழி, அதைச் சுற்றி அகலமான கல் பதித்த வட்டம், அதற்குப் பிறகு சரளைக்கல் பட்டி ஒன்று, அந்தப் பட்டிக்கு இந்தப் பக்கம் கோர்ட் என்று வைத்தான். சரளைக்கல்லைத் தாண்டி நெருப்பு வரக் கூடாது. அதுதான் சட்டம். சட்டத்தை அமல்படுத்துகிற பொறுப்பு அவன் மகளுக்கு. ஏழு வயது. யாராவது எரிகிற குச்சியோடு எழும்பினால் போதும், "நோ ஃபயர் பாஸ்ட் த ஸ்டோன்ஸ்!" என்று கத்துவாள்.

கோர்ட் போட்ட அந்த நாட்கள் என் வாழ்க்கையில் நல்ல நாட்கள். தம்பியும் இவரும் வாடகைக்கு எடுத்த மெஷினால் நிலத்தை இடித்தார்கள். மெஷின் ஆட்டியதில் இவருக்குச் சாப்பிடும்போதும் கை நடுங்கியது, கரண்டி கோப்பையில் தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு புல்லுக்காரர் வந்து பாய் மாதிரிச் சுருட்டி வைத்திருந்த பச்சைப் புல்லை விரித்து, மூட்டுகளை ஒட்டி, மேலே மணல் தூவித் துடைப்பத்தால் தள்ளினார். வெள்ளைக் கோடுகள் வந்ததும் வளவு வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. தம்பியின் மகள், எனக்கு மருமகள், சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதில் உருண்டாள். மிஞ்சிய சுருளைத் தம்பி கார் விடுகிற கராச்சில் நிறுத்தி வைத்தான். பின்னாளில் தேவைப்படும் என்றான்.

ஒக்லாந்தில் வெளியே பட்மிண்டன் விளையாட நினைப்பது ஒரு தனி மடைத்தனம். காற்று எப்போதும் எங்கிருந்தாவது வரும். இவர் அடிக்கிற பந்து வலையைத் தாண்டிப் போய், காற்றோடு கொஞ்சம் யோசித்துவிட்டு, திரும்பி அவர் தலையிலேயே விழும். "அத்தான், உங்கட பந்து உங்களை விட்டுப் போகுதில்லை" என்று தம்பி சிரிப்பான். பின்னேரத்தில் காற்று கொஞ்சம் அடங்கும். அந்த நேரம் பார்த்து நாலு பேரும் இறங்குவோம். நானும் மச்சாளும் ஒரு பக்கம், ஆம்பிளைகள் மற்றப் பக்கம். நான் ஓட மாட்டேன். நின்ற இடத்துக்குப் பந்து வந்தால் அடிப்பேன், வராவிட்டால் மச்சாளைப் பார்ப்பேன். அவள் ஓடுவாள்.

ஆட்டம் முடிந்ததும் குழிக்குப் போவோம். மானுக்கா என்கிற இந்த நாட்டு மரத்து விறகு நின்று எரியும், வாசமும் நல்லது. சனிக்கிழமைகளில் தம்பி கம்பி வலை வைத்து ஆட்டிறைச்சி சுடுவான். மருமகளுக்கு சோசேஜ். எனக்குக் குமரா என்று இங்கே சொல்கிற சக்கரைவள்ளிக் கிழங்கைத் தாளில் சுற்றித் தணலுக்குள் போட்டுவிடுவார்கள். கிழங்கு வேகிற மட்டும் தம்பி வேர்வை காயாத முதுகோடு என் நாற்காலிக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருப்பான். நான் அவன் தலையைத் தட்டி, "தலையைத் துடையடா, தடிமன் பிடிக்கப்போகுது" என்பேன். நாற்பதை எட்டுகிறவன் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு துடைக்காமலே இருப்பான். இனி இவன் எங்கேயும் போக மாட்டான் என்று நான் நம்பத் தொடங்கியது அந்த நாற்காலியில் இருந்துதான்.

இரண்டு வருடம் அப்படிப் போனது. இரண்டாவது வருடத்துத் தைப்பொங்கல் வந்தது.

அதற்கு முதல் பொங்கலெல்லாம் குசினியில் காஸ் அடுப்பில்தான். இந்த முறை வெளியே பொங்குவோம் என்று முதலில் சொன்னது தம்பி. எனக்கு அவ்வளவு சந்தோசம். காஸ் அடுப்பைச் சுரண்டித் துடைக்க வேண்டுமே என்ற பயமில்லாமல் பாலைப் பொங்கி வழியவிடலாம். ஆனால் எங்கே வைப்பது?

"குழியிலயே வச்சுக்கலாமே அண்ணி. மேல மூணு செங்கல் வச்சா முடிஞ்சுது" என்றாள் மச்சாள்.

"ரண்டு வருசமா அதுக்குள்ள ஆட்டுக் கொழுப்பு வடிஞ்சிருக்கு. அதிலையோ சூரியனுக்குப் பொங்கிறது?"

"கழுவிடலாம். அதோட, நெருப்புக்கு ஏது அண்ணி தீட்டு?"

"நெருப்புக்கு இல்லைப் பிள்ளை. எனக்கு இருக்கு" என்றேன்.

அது மட்டுமில்லை. பொங்கல் பானை நிலமட்டத்தில் கல் அடுப்பில் இருக்க வேண்டும், குழிக்குள் இறக்கிவைக்க எனக்கு மனம் வராது. வெயிலும் படவேண்டும். குழி இருந்த கோடிக்குப் பக்கத்து வளவில் மூன்று மாடிக்கு வீடுகள் கட்டிவிட்டார்கள். சூரியன் அங்கே வந்துசேர நேரமாகும். காலை வெயில் முதலில் விழுகிற இடம் கோர்ட்டின் இந்தப் பக்கத்துப் பெட்டி, சேர்விஸ் போடுகிறவர் நிற்கிற இடம். அதைத் தம்பிதான் கண்டுபிடித்தான்.

"அக்கா, இஞ்சை பாருங்கோ. உலக்கையால கோடு இழுத்துக் கோலம் போடவும் தேவையில்லை. நாலு பக்கமும் வெள்ளைக் கோடு ரெடியா இருக்கு" என்றான்.

உண்மையாகவே அது பொங்கலுக்கென்று அளந்து போட்ட சதுரம் மாதிரித்தான் இருந்தது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே, நாங்களே போட்ட சட்டத்தை நாங்களே மறந்தோம். மறந்தோம் என்றும் சொல்ல முடியாது. தம்பி ஒரு தகரத் தட்டைக் கொண்டுவந்து வைத்து, அதன் மேல் ஈரமண் பரப்பி, அதன் மேல்தான் கல் வைத்தான். இவ்வளவு மண்ணைத் தாண்டிச் சூடு எங்கே போகப்போகிறது என்றார் இவர். ஆட்டுக் கொழுப்புக்குப் பயந்த நான் பிளாஸ்டிக்குக்குப் பயப்படவில்லை. சூரிய பகவான் தன் அடுப்பைப் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன்.

தட்டைச் சுற்றி அரிசிமாவால் கோலம் போட்டேன். பச்சையில் வெள்ளை நன்றாகத் தெரிந்தது. நிறைகுடம், விளக்கு, சந்தைக் கடையில் வாங்கிய கரும்பு. மச்சாள் தன் ஊர் முறைக்குப் பானையின் கழுத்தில் மஞ்சள் கட்டினாள். பானையைக் கிழக்குப் பக்கம் கொஞ்சம் சரித்து வைத்தேன். பால் கிழக்கே வழிந்தால் நல்லது என்பதற்காக எங்கள் வீடுகளில் எல்லாரும் செய்கிற கள்ளம் அது. சூரியனும் இத்தனை காலமாகக் கண்டும் காணாமல் இருக்கிறார்.

பால் திரண்டு மேலே வந்தது. மச்சாள் "பொங்கலோ பொங்கல்" என்று குரல் எடுத்தாள். எங்கள் ஊர் முறைக்குப் பால் பொங்கும்போது வெடி கொளுத்த வேண்டும். இங்கே வெடிக்கு ஆசைப்படக் கூடாது, அதனால் தம்பி போனில் வெடிச் சத்தத்தைப் போட்டு வானத்தைப் பார்த்துப் பிடித்தான். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் தாழ வந்தது, வெடிச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று தரம் கையில் அரிசி எடுத்துச் சுற்றி நான் பானையில் போட்டேன். எனக்குப் பிறகு இவர், பிறகு தம்பி. தம்பி போடும்போது கண்ணை மூடி நெடுநேரம் நின்றான். என்ன வேண்டுகிறானோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருமகள்தான் முதலில் கண்டாள். "மாமி, த கிராஸ் இஸ் ஸ்மோக்கிங்."

குனிந்து பார்த்தோம். தட்டின் ஓரத்தால் மெல்லிய புகை. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம். ஆனால் பொங்கலை நடுவில் இறக்க முடியுமா? அரிசி போட்டாயிற்று, பயறு போட்டாயிற்று, சர்க்கரை போட வேண்டும். விறகைப் பிடுங்கு என்கிறார் இவர், பிடுங்கக் கூடாது என்கிறேன் நான், தம்பி வாளியோடு ஓடிவந்து ஓரம் ஓரமாகத் தண்ணீர் தெளிக்கிறான், மச்சாள் சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். ஒருமாதிரிப் பொங்கி இறக்கிப் படைத்த பிறகு கல்லையும் தட்டையும் தூக்கினோம். கீழே புல் உருகிப் படிந்து கன்னங்கரேல் என்று ஒரு வட்டம், அடிப்பிடித்த தோசைக் கல் மாதிரி மினுங்கியது. மருமகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். "யூ புரோக் த ரூல்" என்றாள். நான் அப்படி வயிறு நோகச் சிரித்தது அதற்குப் பிறகு இல்லை.

வாழையிலையில் பொங்கலை வைத்துக்கொண்டு எல்லாரும் கோர்ட்டின் ஓரத்தில் இருந்து சாப்பிட்டோம். தம்பி சாப்பிடாமல் இலையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"தை பிறந்தா வழி பிறக்கும் எண்டு சொல்லுறவை என்னக்கா" என்றான்.

"ஓம். என்ன வழி பிறந்தது உனக்கு?"

"பிரிஸ்பேனில ஒரு வேலை சரிவந்திருக்கு. அவவுக்கும் அங்கை ஆசுபத்திரியில எடுக்கினம். மாசி முடியிறதுக்குள்ள போகவேணும்."

மச்சாள் என்னைப் பார்க்காமல் மகளின் வாயைத் துடைத்தாள். அவளுக்கு எத்தனை நாளாகத் தெரியுமோ. இவர் கையில் இருந்த பொங்கலை வாய்க்கும் கொண்டுபோகாமல் இலையிலும் வைக்காமல் பிடித்தபடி இருந்தார். போகாதே என்று சொல்லியிருக்கலாம். எந்த உரிமையில் சொல்வது? நானும் ஒரு நாள் எல்லாரையும் விட்டு வந்தவள்தானே. என் வாயில் வந்தது வேறு ஒன்று.

"உந்த எரிஞ்ச இடத்தை ஆர் ஒட்டுறது?" என்று கேட்டேன்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கறுப்பு வட்டத்தைப் பார்த்தான். "கராச்சில மிச்சச் சுருள் கிடக்கு. போறதுக்கு முதல் வெட்டி ஒட்டிவிடுறன்."

"வேண்டாம். அது அப்பிடியே கிடக்கட்டும். அடுத்த பொங்கலுக்கு நீ வருவாய்தானே, வந்து ஒட்டு."

"பாப்பம் அக்கா" என்றான்.

பாப்பம் என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். வெள்ளத்தில் போகிறவளுக்குத் துரும்பு கிடைத்தாலும் போதும் என்பார்கள்.

அதற்குப் பிறகு வீடு முழுக்க அட்டைப் பெட்டி. மச்சாள் தன் தோசைக்கல்லை எனக்குத் தந்தாள், நான் என் இடியப்ப உரலை அவளுக்குக் கொடுத்தேன். மருமகள் தன் விளையாட்டுச் சாமான்களை இரண்டு குவியலாகப் பிரித்து, ஒன்றின் மேல் ஸ்டே என்று எழுதி வைத்தாள். அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பின்னேரங்களில் கறுப்பு வட்டத்தைப் போய்ப் பார்ப்பேன். எல்லாம் போனாலும் இது இருக்கும், இதற்காக ஒரு தரம் அவன் வந்துதான் ஆகவேண்டும். அவன் அரைகுறையாக ஒரு வேலையை விட்டுவைக்கிற ஆள் இல்லை.

அந்தக் குணம் எந்தப் பக்கம் வெட்டும் என்பதைத்தான் நான் மறந்துபோனேன்.

போவதற்கு இரண்டொரு நாள் இருக்கும். கடை முடிந்து வந்து, கைப்பையோடு நேரே வளவுக்குப் போனேன். வட்டத்தைக் காணவில்லை. கோர்ட் முழுக்க ஒரே பச்சை. சேர்விஸ் பெட்டிக்குள் ஒரு சதுரம் மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் கடும் பச்சையாக இருந்தது, அதுவும் தெரிந்து பார்த்தால்தான் தெரியும். அதன் நான்கு மூலையிலும் பசை காயும்வரை பாரத்துக்குக் கல் வைத்திருந்தான். நான்கில் மூன்று எங்கள் பொங்கல் அடுப்பின் கல்.

தம்பி கராச்சுக்குள் கையில் பசையைச் சுரண்டிக்கொண்டு நின்றான்.

"ஏனடா ஒட்டினனீ? நான் வேண்டாம் எண்டல்லோ சொன்னனான்."

"இல்லை அக்கா, அந்த இடம் மேடும் பள்ளமுமாக் கிடந்தது. நீங்கள் பந்து அடிக்கேக்க கால் தடுக்கி விழுந்தாலும்…"

"ஆரோட நான் பந்து அடிக்கப்போறன்?"

அவன் சுரண்டுவதை நிறுத்தினான். கண் கலங்கியது. கட்டிப்பிடித்து அழுதிருக்கலாம். எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் அன்பாகத்தான் செய்தான், எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு வீட்டை விட்டுப் போகிறவன் எரிந்த தடத்தைக்கூட விடாமல் அவ்வளவு சுத்தமாகப் போகக் கூடாது. இருக்கிறவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பது? இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. "கையைக் கழுவிப்போட்டு வா, சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையம் கூப்பிடு தூரம். போய் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கேற்றைச் சாத்துகிறோம், தலைக்கு மேலே ஒன்று ஏறிப் போகிறது. அதுதான் அவர்கள் போன விமானமோ தெரியாது. இவர் அதுதான் என்றார். சரக்குப் பகுதியில் இருக்கிறவருக்குத் தெரியாதா என்று நானும் அண்ணாந்து பார்த்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அன்றுதான் ஒரு விமானத்துக்காகப் பேச்சை நிறுத்தினேன்.

பிறகு மழைக்காலம். மழை பெய்தால் பிளாஸ்டிக் புல்லிலும் பாசி பிடிக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. விளையாடுகிற கால்கள் இருந்தால் பிடிக்காதாம். வலை ஒரு பக்கம் அறுந்து தொங்கியது. குழிக்குள் தண்ணீர் நின்றது. சின்ன வீட்டை வாடகைக்கு விடுவோமா என்று இவர் ஒரு தரம் கேட்டார். நான் எழும்பிப் போய்க் காய்ந்த உடுப்பை மடித்தேன், இரண்டாம் தரம் அவர் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம் மழை விட்டிருந்தது. நான் குசினிக்குள் நிற்கிறேன், வெளியே மானுக்கா வாசம். எட்டிப் பார்த்தால் இவர் குழியைத் துடைத்து நெருப்பு மூட்டி, இரண்டு நாற்காலியைப் போட்டிருக்கிறார். தாளில் சுற்றிக் கிழங்கும் போட்டிருந்தார்.

"இஞ்சை வாரும். குளிருக்கு நல்லா இருக்கும்" என்றார்.

போய் இருந்தேன். என் நாற்காலிக்கு முன்னால் நிலம் வெறுமையாகக் கிடந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். இவர் நெடுநேரம் தணலைக் கிண்டிவிட்டு, "நேற்று வேலையில ஒருத்தன் பட்மிண்டன் விளையாடுவியோ எண்டு கேட்டவன். இல்லை எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். அவருக்கும் ஒரு தம்பி போனான் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. அதுவரைக்கும் என் வீட்டுத் துக்கம் என்று நான் ஒருத்தியாக வைத்திருந்தேன். கிழங்கு வெளியே கருகி உள்ளே வேகாமல் இருந்தது. இரண்டு பேரும் அதைத் தின்றோம்.

தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். முதலில் ஒவ்வொரு ஞாயிறும், பிறகு முடிந்த ஞாயிறுகளில். புது வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறதாம். மருமகள் திரையில் வந்து, ஹாய் மாமி, பாய் மாமி என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். பொங்கலுக்கு வருகிறீர்களா என்று கார்த்திகையிலேயே கேட்டேன். டிக்கெட் பார்க்கிறேன் என்றான். மார்கழியில் கேட்டேன். மச்சாள் தனக்கு லீவு கிடைக்குமோ என்று பார்க்கிறாள் என்றான். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

தை பிறந்த அன்று விடிய எழும்பிக் குளித்துவிட்டு, கராச்சிலிருந்து மூன்று கல்லையும் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். கடும் பச்சைச் சதுரம் இந்த ஒரு வருட வெயிலில் கொஞ்சம் வெளிறியிருந்தது. இன்னும் ஒரு வருடம் போனால் எது பழையது, எது ஒட்டியது என்று எனக்கே தெரியாது. அதன் நடுவில் கல்லை வைத்தேன். இவர் பின்னால் தகரத் தட்டோடும் மண் வாளியோடும் வந்தார்.

"அது வேண்டாம்" என்றேன்.

"எரிஞ்சு போமே."

"எரியட்டும்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டையும் வாளியையும் வேலியோரம் வைத்துவிட்டுப் போய் விறகு எடுத்து வந்தார். கோலம் போடவில்லை, வெள்ளைக் கோடு இருந்தது. இரண்டு பேருக்குச் சின்னப் பானை போதும். சரித்து வைக்கவுமில்லை. பால் தன் பாட்டுக்கு ஒரு பக்கம் பொங்கி வழிந்தது. எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை. புகை வந்தது, நாற்றம் வந்தது, தண்ணீர் தெளிக்க யாரும் ஓடி வரவில்லை. பொங்கி இறக்கி, கல்லைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். போன வருடத்தைவிடப் பெரிய வட்டம். படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன்.

உடனே போன் எடுத்தான்.

"என்னக்கா, திருப்பியும் அதிலயே எரிச்சுப்போட்டியளே? தட்டு வைக்கேல்லையே?"

"இல்லை. சுருள் இன்னும் கராச்சில கிடக்கு. நீ வந்து ஒட்டு."

தூரத்தில் மருமகள் யாருடனோ ஆங்கிலத்தில் சிரிக்கிறாள், தண்ணீருக்குள் குதிக்கிற சத்தம். அவனுக்கு விளங்கிவிட்டது என்பது அவன் மூச்சிலேயே தெரிந்தது. பிறகு பழையபடி, இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பு பேசிய மாதிரி, மிக மெல்லப் பேசினான்.

"பென்ரோஸில நான் வேலை செய்த இடத்துக்குப் பக்கத்தில புல் ஒட்டுற ஒராள் இருக்கிறார் அக்கா. நம்பர் அனுப்பிவிடுறன். நல்ல வேலைகாரன். ஒட்டினதே தெரியாது."

"சரியப்பன்" என்றேன். "பொங்கல் ஆறப்போகுது. சாப்பிடுங்கோ எல்லாரும்."

நம்பர் வந்து விழுந்தது. இவர் இரண்டு வாழையிலையைக் கழுவித் துடைத்து, கோர்ட்டின் ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னவாம்?" என்று கேட்டார்.

"வரமாட்டானாம்" என்றேன்.